25 எச்7 என்றால் கூட்டல் கழித்தல் இல்லையா? 20 பீஸ் திரும்பி வந்துவிட்டது

லேத்பையன்:
அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஸ்டீல் புஷ் (ஷாஃப்ட் ஓடும் குழாய் மாதிரித் துண்டு) 20 பீஸ் போட்டேன். ட்ராயிங்கில் போர், அதாவது உள் ஓட்டை, 25 எச்7. இந்த அளவுக்கு எச்7 என்றால் டாலரன்ஸ், அதாவது அளவு மாற அனுமதி, 21 மைக்ரான் (0.021 மில்லிமீட்டர்) என்று சீனியர் சொன்னதை வைத்து, நானாகவே மேலே பாதி கீழே பாதி என்று பிரித்துக்கொண்டேன். வெர்னியரில் 25.00 வந்தது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி எல்லாவற்றையும் 24.99 என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அப்புறம் அதே ட்ராயிங்கில் நீளம் 40 என்று மொட்டையாக இருக்கிறது, 60 பெட்டிக்குள் இருக்கிறது, 12 அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. இதெல்லாம் என்ன அண்ணா?

டூல்ரூம்_கிண்டி:
தம்பி, எச்7-இல் மைனஸே கிடையாது. கேப்பிடல் எழுத்து ஓட்டைக்கு, சின்ன எழுத்து ஷாஃப்டுக்கு. எல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை எழுத்து சொல்லும், எவ்வளவு அகலம் என்பதை எண் சொல்லும். கேப்பிடல் எச் எப்போதும் சரியாக 25.000-இல் ஆரம்பித்து மேலேதான் போகும், அதாவது 25.021 வரை. அதில் ஓடப்போகும் ஷாஃப்ட் சின்ன ஜி6 என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். உங்கள் 24.99 ஓட்டையில் 24.993 ஷாஃப்ட் எப்படிப் போகும்? 0.02 மில்லிமீட்டர் வரைதான் காட்டும் வெர்னியரை வைத்து 21 மைக்ரானைப் பார்த்தது லாரி எடைமேடையில் தங்கம் நிறுத்த கதை. பிளக் கேஜ் (ஓட்டையில் விட்டுப் பார்க்கும் அளவுக் கட்டை) கேளுங்கள், கோ பக்கம் இறங்க வேண்டும், நோ-கோ பக்கம் இறங்கக் கூடாது.

ஓட்டை சின்னதாக இருப்பதால் தப்பித்தீர்கள், ஹோனிங் (சாணைக்கல்லால் உள்ளே துளித்துளியாகத் தேய்ப்பது) போட்டு எடுத்துவிடலாம். ரீமர் (ஓட்டையைச் சீவிப் பெரிதாக்கும் டூல்) விடாதீர்கள், இவ்வளவு கம்மியாக மீதி இருந்தால் வெட்டாமல் தேய்க்கத்தான் செய்யும்.

க்யூசி_அக்கா:
லேத்திலிருந்து சூடாக எடுத்ததுமே அளந்தீர்களா? ட்ராயிங்கில் உள்ள அளவெல்லாம் 20 டிகிரிக்கு. ஜாப் 60 டிகிரியில் இருந்தால் 25 மில்லிமீட்டர் ஸ்டீல் ஓட்டை 11, 12 மைக்ரான் பெரிதாகக் காட்டும், ஆறினால் சுருங்கிவிடும். உங்கள் டாலரன்ஸில் பாதி அதிலேயே போச்சு.

மொட்டை 40-க்கு ட்ராயிங் மூலையில் உள்ள விவரக் கட்டத்தை, டைட்டில் பிளாக்கை, பாருங்கள். தனியாக டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கான பொது விதி ஐஎஸ்ஓ 2768-எம் என்று இருந்தால் 30-க்கு மேல் 120 வரை 0.3 மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். பெட்டிக்குள் உள்ள 60-க்கு அதைப் போடாதீர்கள், எங்கள் இடத்திலேயே பலர் இதைத்தான் தப்பாகச் செய்கிறார்கள். பெட்டி என்றால் கணக்குப்படி அசல் இடம், ஓட்டை அங்கிருந்து எவ்வளவு விலகலாம் என்பது பக்கத்தில் பொசிஷன் குறியோடு இருக்கும். அங்கே விட்டக்குறியோடு 0.1 என்றால், ஓட்டையின் மையம் 0.1 விட்டமுள்ள வட்டத்துக்குள் விழ வேண்டும். அடைப்புக்குறி 12 சும்மா தகவலுக்கு, அதை யாரும் செக் பண்ண மாட்டார்கள்.

லேத்பையன்:
ஆமாம் அக்கா, துணியில் பிடித்துக்கொண்டுதான் அளந்தேன், அவ்வளவு சூடு. டைட்டில் பிளாக்கில் 2768-எம்தான், என் நீளம் 40.2, அது பிழைத்தது. ஆனால் அந்த 12-ஐப் பிடிக்கத்தான் ஒவ்வொரு பீஸிலும் கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.