ஃபோலிக் அமிலம்: மாத்திரை விழிப்புணர்வு போதுமா, மாவிலேயே கலக்க வேண்டுமா?

பேரொளி:
கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் (பி வைட்டமின்களில் ஒன்று) எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1992-லேயே சொல்லிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ விளம்பரங்கள். இருந்தும் முதுகுத் தண்டுவடம் மூடாமல் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எடுத்துச் சொல்வதால் மட்டும் இது தீராது, மாவில் கலக்கச் சட்டம் வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

தென்றல்:
மறுக்கிறேன். இது தேவைப்படுவது கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு. மாவில் கலந்தால் வயதானவர், ஆண்கள், சிறுவர் என்று எல்லோர் வயிற்றுக்கும் போகிறது. அவர்களை யார் கேட்டார்கள்? கீரையிலும் பயறு வகைகளிலும் இதே வைட்டமின் ஃபோலேட் என்ற இயற்கை வடிவில் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு ஆலைக்காரரிடம் பொறுப்பைத் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கயல்:
நான் மகப்பேறு செவிலியர். முதல் தடவை வரும் பெண்ணிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டு எழுதுவேன். பெரும்பாலும் எட்டு வாரம், பத்து வாரம் ஆகியிருக்கும். மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே நெஞ்சு உறுத்தும்.

ஏனென்றால், கரு உண்டான மூன்றாவது வாரத்தில் தட்டையாக இருக்கும் ஒரு திசுத் தகட்டின் இரண்டு ஓரங்களும் எழும்பி, வளைந்து, நடுவில் ஒட்டிக் குழாயாகின்றன. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வருகின்றன. 28-ஆம் நாளுக்குள் அதன் இரு முனையும் மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாது, குழந்தை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா: கால் செயலிழப்பு, சிறுநீர் கட்டுப்படாமை, பல அறுவை சிகிச்சைகள். அந்த 28-ஆம் நாள் என்பது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். நான் கொடுக்கும் மாத்திரை ரத்தசோகைக்கு உதவும், அதனால் நிறுத்தமாட்டேன். குழாய் மூடுவதற்கு அது உதவாது.

தென்றல்:
அப்படியென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பள்ளியில் சொல்லலாம், கருத்தடை ஆலோசனைக்கு வரும்போது சொல்லலாம். சொல்லும் முறை சரியில்லை என்பதற்காகச் சட்டமா?

பேரொளி:
சொல்லிப் பார்த்தாயிற்று. இங்கிலாந்தில் கருத்தரிப்பதற்கு முன்பே மாத்திரை எடுத்த பெண்கள் 1999–2001-ல் 35 சதவீதம். 2011–12-ல் அது 31 சதவீதமாக இறங்கியிருந்தது. 20 வயதுக்குக் கீழே வெறும் 6 சதவீதம். உலகில் ஏறக்குறைய பாதி கர்ப்பங்கள் திட்டமிடாதவை, அந்தப் பெண்களிடம் எந்த நாளில் போய் முன்கூட்டியே சொல்வீர்கள்?

மாத்திரைக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. சீனாவில் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கி 400 மைக்ரோகிராம் எடுத்தவர்களிடையே, பாதிப்பு அதிகமிருந்த வடபகுதியில் 79 சதவீதம் குறைந்தது. மருந்து சரிதான், கைக்கு வரும் நேரம்தான் தவறு. 1998-ல் அமெரிக்காவும் கனடாவும் மாவில் கலப்பதைக் கட்டாயமாக்கின. கயல் சொன்ன அந்தக் குழாய் மூடாமல் போவதைத்தான் நரம்புக்குழாய்க் குறைபாடு என்கிறோம்; கனடாவில் அது 46 சதவீதம் குறைந்தது. சட்டம் போடாமல் அறிவுரை மட்டும் சொல்லிவந்த ஐரோப்பாவில் 1991 முதல் 2011 வரை குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை.

மருதம்:
எனக்கு வேறு கவலை. என் அம்மாவுக்குக் கால் மரத்துப்போவதை வயதுக் கோளாறு என்றே நினைத்திருந்தோம். ரத்த அளவு நன்றாக இருந்தது. கடைசியில் பார்த்தால் பி12 குறைபாடு. ஃபோலிக் அமிலம் அதிகம் போனால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். முதியவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

பேரொளி:
நியாயமான கவலை. ஆனால் இப்படி ரத்தசோகை மறைந்ததாகப் பதிவான அந்தக் காலத்து நோயாளிகளுக்குக் கொடுத்தது மில்லிகிராம் கணக்கில், பெரும்பாலும் 5 மி.கி.யும் அதற்கு மேலும். அமெரிக்க மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம்தான். பி12 அளவை இன்று நேரடியாகவே பரிசோதிக்கலாம். ரத்தசோகை வரட்டும் என்று காத்திருப்பது எந்த முதியவரையும் காப்பாற்றாது.

கயல்:
மருதம் சொல்வதை நான் இன்னும் அழுத்தமாகவே சொல்வேன். கலப்பதானால் பி12-ஐயும் சேர்த்துக் கலக்க வேண்டும். தாய்க்கு பி12 குறைந்திருந்தாலும் குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு வரும் அபாயம் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முதியவருக்கும் சேர்த்துத்தான் இது நல்லது.

தென்றல்:
பி12 சேர்ப்பது சரி. ஆனால் சம்மதம் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பிரிட்டன் சட்டத்தில் முழுக்கோதுமை மாவுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்பவருக்கு அப்படி ஒரு வழி இருக்க வேண்டும், பொட்டலத்தில் தெளிவாக அச்சிட வேண்டும். அது இல்லாத சட்டத்தை நான் ஏற்கமாட்டேன். இன்னொன்று: சட்டம் வந்ததும் எடுத்துச் சொல்லும் வேலை நின்றுவிடும் என்றும் பயப்படுகிறேன்.

பேரொளி:
அச்சிடுவதில் எனக்குத் தடையே இல்லை. விலக்கு விரிந்துகொண்டே போனால் யாருக்காகக் கலக்கிறோமோ அவர்களே தப்பிவிடுவார்கள். அங்கே நான் தென்றலோடு ஒத்துப்போக முடியாது.

கயல்:
எடுத்துச் சொல்வது நிற்கக் கூடாது என்பதில் நான் தென்றல் பக்கம். முந்தைய கர்ப்பத்தில் குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்த தாய்க்கு மாவில் உள்ள அளவு போதாது. 7 நாடுகளில் நடந்து 1991-ல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட தாய்மாருக்குத் தினம் 4 மி.கி. கொடுத்தபோது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. வலிப்புக்கு, இதே அபாயத்தைக் கூட்டும் வால்ப்ரோயேட் மருந்தை எடுப்பவர்களும் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தையை இழந்து வீட்டுக்குப் போகும் தாயின் சீட்டில் அடுத்த முறைக்கான அளவையும், எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும். பல சீட்டுகளில் அது இருப்பதில்லை.