மறு: ரெப்ளிகேஷனுக்குத் தமிழ்ச்சொல் – ‘காப்பு’ வேண்டாம், ‘தொடர்படி’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். ரெப்ளிகேஷனுக்கு, அதாவது ஒரு சேமிப்பகத்தில் எழுதப்படும் தரவை உடனுக்குடன் வேறொரு சேமிப்பகத்திலும் எழுதிவைக்கும் முறைக்கு, காப்புநகல், தொலைநகலாக்கம், இரட்டித்தல், ஆடிநகல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. பலரும் காப்புநகல் பக்கம் சாய்கிறீர்கள். அந்த ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரவுப் பணியாளர்களுக்காகச் சேமிப்பகக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதினேன். சென்னையில் எழுதப்படும் தரவு ஹைதராபாத்தில் இருந்த இன்னொரு சேமிப்பகத்துக்கு இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நான் வைத்த பெயர் காப்புநகல். ஆறு மாதம் கழித்து, இரவுதோறும் டேப்பில் எடுத்துவந்த பேக்கப்பை (அன்றைய தரவைத் தனியே பதிந்து வைக்கும் நகலை) ஒரு தம்பி நிறுத்திவிட்டார். “ஹைதராபாத்லதான் காப்புநகல் இருக்கே சார், ரெண்டு எதுக்குன்னு நினைச்சேன்” என்றார் பிறகு. அவர் நிறுத்திய பதினோராம் நாள், ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தார். சில நொடிகளில் ஹைதராபாத்திலும் அது அழிந்தது. டேப்பில் இருந்தது பதினோரு நாள் பழையது. அந்தப் பதினோரு நாள் ரசீதுகளையும் கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் கையால் திரும்ப ஏற்றினார்கள்.

அந்தத் தம்பி மேல் நான் குறை சொல்லமாட்டேன். சொல் அப்படிச் சொன்னது, அவர் நம்பினார். காப்பு என்றால் நமக்குக் குழந்தை கையில் கட்டுவது, நூலின் தொடக்கத்தில் பாடுவது. ‘இனி ஒன்றும் ஆகாது’ என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரெப்ளிகேஷன் அந்த உறுதியைத் தருவதில்லை. கட்டடத்தில் தண்ணீர் புகுந்தாலோ தீப்பிடித்தாலோ அது காப்பாற்றும். ஆனால் இங்கே நடக்கும் தவறு அங்கேயும் நடக்கும். பணம் கேட்டு மிரட்டும் நச்சுநிரல் நுழைந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளே அந்தப் பக்கமும் போய்ச் சேரும். பழைய நாளுக்குத் திரும்பிப் போக உதவுவது பேக்கப்தான். ‘காப்பு’ என்ற சொல்லை அதற்கென்றே விட்டுவைப்போம்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தொலைநகல் என்பது ஃபேக்ஸுக்கு நிலைத்துவிட்ட சொல். இரட்டித்தல் பள்ளி உயிரியல் பாடத்தில் டி.என்.ஏ.வுக்குப் போய்விட்டது, தவிர, மூன்று ஊர்களில் தரவை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இரட்டித்தல் என்று எப்படிச் சொல்வது? ஆடிநகல் அழகான சொல். ஆனால் ஒரே பெட்டிக்குள் இரண்டு வட்டுகளில் ஒன்றையே எழுதும் முறை இருக்கிறதே, அதற்குத்தான் அது பொருந்தும்.

என் பரிந்துரை தொடர்படி. செயலைச் சொல்லும்போது தொடர்படியாக்கம்.

‘படி’ நமக்குப் புதிதல்ல. ஏட்டுப்படி, கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று வழங்கிவருகிறோம். ‘500 படிகள் அச்சிட்டார்கள்’ என்று இன்றும் எழுதுகிறோம். எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு முக்கியமான காரணம் இன்னொன்று. ஏட்டைப் பார்த்து எழுதியவர் ஓரிடத்தில் தவறினால், அதைப் பார்த்து எழுதியவரும் தவறினார். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஒரே நூலின் பல படிகளைத் திரட்டி ஒப்பிட்டது அதனால்தான். படி என்றாலே மூலத்தின் குறையும் சேர்ந்து வரும் என்ற எச்சரிக்கை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. என் கையேட்டில் இல்லாமல்போனது அந்த எச்சரிக்கைதான்.

‘தொடர்’ ஏன் வேண்டும்? ஒருமுறை எடுத்து வைத்துவிட்டுப் போவது வெறும் படி. இங்கே மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அது பின்னாலேயே போய்ச் சேருகிறது. இரவுப் பணியில் இருப்பவர் வாயில் இந்தச் சொல் எப்படி உட்காரும் என்று பார்த்தேன். ‘தொடர்படி அறுந்துவிட்டது.’ ‘தொடர்படி பன்னிரண்டு நிமிடம் பின்தங்கியிருக்கிறது.’ இரண்டுமே இயல்பாக வருகின்றன. ‘காப்புநகல் அறுந்துவிட்டது’ என்று சொல்லிப்பாருங்கள், ஒட்டவில்லை.

தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய ஐயா ஒருவர் தனிமடலில் ஒரு தடை சொன்னார். அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று பழகியவர்களுக்குத் தொடர்படியும் சம்பளப் பட்டியலில் வருகிற ஒன்றாகத் தோன்றுமே என்றார். நியாயமான கேள்வி. முதலில் நான் நினைத்திருந்த ‘தொலைப்படி’யை இதற்காகவே கைவிட்டேன், அது நேராகத் தொலைபேசிப் படிக்குப் போய்விடும். தொடர்படிக்கு அந்த ஆபத்து குறைவு. ஐயம் வரும் இடத்தில் தொடர்படியாக்கம் என்றே எழுதலாம்.

இனி இதன் இரண்டு வகைகள். ஆங்கிலத்தில் சிங்க்ரனஸ், அசிங்க்ரனஸ் என்பார்கள்; நம் அகராதிகளில் ஒத்திசைவான, ஒத்திசைவற்ற என்று இருக்கிறது. இரண்டாவது சொல்லைக் கேட்கும் மேலாளர், தரவு சிதைந்து கிடக்கிறது என்றே நினைப்பார். உண்மையில் அந்தப் படி ஒழுங்காகத்தான் இருக்கிறது, கொஞ்சம் தாமதமாக இருக்கிறது, அவ்வளவே. முதல் வகையில், அடுத்த ஊரிலும் எழுதி முடித்துப் பதில் வந்த பிறகுதான் ‘எழுதியாயிற்று’ என்று சேமிப்பகம் ஒப்புக்கொள்ளும். இரண்டாவதில் இங்கே எழுதியதும் ஒப்புக்கொண்டுவிடும், அங்கே பின்னால் அனுப்பும். அதனால் உடனிகழ் தொடர்படி, பின்னிகழ் தொடர்படி என்கிறேன். மூன்றாம் வேற்றுமையில் ‘உடனிகழ்ச்சி’ படித்தவர்களுக்கு முதல் சொல் கேட்டவுடன் புரியும். ‘உடன்படி’ என்று இன்னும் சுருக்கலாமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். சுருக்கினால் ‘சம்மதி’ என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

எந்த வகை என்பதைப் பெரும்பாலும் தொலைவுதான் முடிவு செய்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். 100 கி.மீ. போய்த் திரும்ப ஒரு மில்லிநொடி. சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியே இழை போனால் சுமார் 350 கி.மீ.; போக வர மூன்றரை மில்லிநொடி. இன்றைய ஃபிளாஷ் சேமிப்பகம் ஒரு மில்லிநொடிக்குள் எழுதி முடிப்பது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அதை மூன்றரை மில்லிநொடி நிற்கவைத்தால், வங்கிக் கவுன்ட்டரில் வரிசை நீளும். அதனால் உடனிகழ் வகை பெரும்பாலும் 100 கி.மீ.க்குள் நின்றுவிடுகிறது.

அப்படியானால் அம்பத்தூரில் ஒன்று, சிறுசேரியில் ஒன்று வைத்தால் போதாதா? நடுவில் முப்பது கி.மீ. சொச்சம்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு அது போதாதென்று தெரியும். வடக்கு, தெற்கு என்று பாராமல் நகரம் முழுக்க மின்சாரமும் கைபேசியும் போயின. பங்குச்சந்தைகளுக்கு அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வைத்திருக்கும் விதியும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மாற்று மையம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது 500 கி.மீ. தள்ளியாவது. கூடவே, தரவு சிறிதும் இழக்காமலிருக்க அருகிலும் ஒரு தளம். இந்த இரண்டுக்கும் அண்மைப்படி, சேய்மைப்படி என்று வைக்கலாம். பெயரைக் கேட்டதுமே அண்மையில் இருப்பது உடனிகழ், சேய்மையில் இருப்பது பின்னிகழ் என்று ஊகித்துவிடலாம்.

அப்புறம், கூடவே வரும் இரண்டு அளவுகள். பேரிடர் நேர்ந்தால் எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கச் சம்மதம் என்பது இழப்பெல்லை. எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப எழுந்து நிற்க வேண்டும் என்பது மீட்சிக் கெடு. முதல் அளவை (ஆங்கிலத்தில் ரெக்கவரி பாயின்ட் அப்ஜெக்டிவ்) ‘மீட்புப் புள்ளி நோக்கம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருப்பதைப் பார்த்தேன். அதைப் படித்து எதை இழக்கப்போகிறோம் என்று யாருக்கும் புரியாது. இழப்பெல்லை ஐந்து நிமிடம் என்றால் கணக்குப் பிரிவு அக்காவுக்கும் புரிகிறது, கேட்டுப்பார்த்துவிட்டேன்.

இப்போது ஒரு புதிய கையேடு கையில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொடர்படி, இழப்பெல்லை இரண்டிலும் எனக்கு ஐயமில்லை. பின்னிகழ் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. பேச்சில் அது ‘பின்நிகழ்வு’ ஆகி, விபத்துக்குப் பின் நடப்பது போலக் கேட்குமோ என்று தோன்றுகிறது. பின்தொடர் என்று மாற்றினால் தொடர் என்ற சொல் இரண்டு முறை வருகிறது. இதற்கு நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘தொடர்படி காப்பு ஆகாது, டேப்பை நிறுத்தாதீர்கள்’ என்று ஏற்கெனவே போட்டுவிட்டேன்.

அன்புடன்,
சிறுசேரியிலிருந்து