சுகர் அவருக்கு, தூக்கம் போனது எனக்கு: வேலூர் பக்கம் கவுன்சலிங் எங்கே கிடைக்கும்?

வணக்கம். குடியாத்தத்தில் இருக்கிறோம். கணவருக்கு 47 வயது, டைப் 2 சுகர் வந்து 11 வருடம், போன ஆடியிலிருந்து இன்சுலின். அதற்கப்புறம் மூன்று தடவை ராத்திரியில் லோ சுகர். ஒரு தடவை மீட்டரில் 48 காட்டியது, உடம்பெல்லாம் வேர்த்து, என்னை யாரென்றே தெரியாத மாதிரி கத்தினார், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோதுதான் 70-ஐத் தாண்டியது.

டாக்டர் டோஸைக் குறைத்துவிட்டார், அவர் நன்றாகத் தூங்குகிறார். நான்தான் இரண்டு மணிக்கு எழுந்து அவர் நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். நெஞ்சு படபடப்பு, எதற்கெடுத்தாலும் அழுகை, சாப்பாட்டுக்குத் தினம் சண்டை (ஒரு ஜாங்கிரிக்காக ஒரு வாரம் பேசவில்லை).

டாக்டரிடம் சொன்னேன், டயட் சார்ட் கொடுத்தார், அதுவும் அவருக்கு! மாமியார், "ஊரில் யாருக்குத்தான் சுகர் இல்லை" என்றார். 14416-க்கு (அரசின் மனநல உதவி எண், டெலி-மானஸ்) போன் செய்தேன், இலவசம்தான், தமிழில் பொறுமையாகப் பேசினார்கள், அன்று மனசு லேசானது, ஆனால் எனக்கு முகம் பார்த்துத் தொடர்ந்து பேச ஆள் வேண்டும். இன்னொரு இடத்தில் தூக்க மாத்திரை எழுதினார்கள். நான் தூங்கிவிட்டால் அவரை யார் பார்ப்பது? வாங்கவில்லை.

வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கம், சுகர் உள்ளவர்களின் மனைவி அல்லது கணவருக்குத் தமிழில் கவுன்சலிங் தருகிறவரோ, எங்களைப் போன்றவர்கள் கூடிப் பேசும் குழுவோ, நீங்கள் நேரில் போய்ப் பார்த்தது ஏதாவது இருக்கிறதா?