பதில்: ஸ்வெல்லபிள் கோட்டிங்: ‘ஊறுபூச்சு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். இன்க்ஜெட் போட்டோ தாளில் மை பட்டதும் உப்புகிற பூச்சுக்கு ‘ஸ்வெல்லபிள் கோட்டிங்’ என்று பெயர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ஸ்வெல்லபிள் என்றால் உப்புவதுதானே? ‘உப்புபூச்சு’ என்றே வைத்துவிடலாம்.

வேண்டாம் ஐயா. நடுவில் ஒற்று இல்லாததைப் பார்த்து வினைத்தொகை என்று புலவர் கண்டுபிடிப்பார்; கடைக்காரர் மளிகைக் கடைக்கு வழி காட்டுவார். ‘வீங்குபூச்சு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் கணுக்கால்தான் நினைவுக்கு வந்தது.

இன்க்ஜெட் போட்டோ தாளில் படத்தை ஏந்துவது மேலே தடவிய பூச்சுதான். ஒரு வகையில், அதாவது இந்த ஸ்வெல்லபிளில், ஜெலட்டின் போன்ற பொருள் இருக்கும். மை விழுந்ததும் ஈரத்தை இழுத்து உப்பி, சாயத்தை உள்ளே வாங்கி, காய்ந்ததும் மூடிக்கொள்ளும். காற்றிலுள்ள ஓசோன் சாயத்தை எளிதில் தொட முடியாது. ஆனால் காய நேரம் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் கேட்கவே வேண்டாம். அக்கா பேத்தியின் காதுகுத்துப் படத்தை அப்படியொரு மழை நாளில் அச்சிட்டு, அன்றைக்கே கண்ணாடிச் சட்டத்தில் போட்டேன். 10 நாள் கழித்து எடுத்தால் குழந்தையின் ஒரு கன்னம் கண்ணாடியோடு வந்துவிட்டது.

இன்னொன்று மைக்ரோபோரஸ். சிலிக்கா அல்லது அலுமினாத் துகள்களுக்கு நடுவே உள்ள துளைகளில், மணலில் தண்ணீர் இறங்குவதுபோல மை இறங்கிவிடும். அச்சாகி வந்ததுமே தொடலாம். பாக்கெட்டில் ‘இன்ஸ்டன்ட் டிரை’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான். துளை திறந்தே கிடப்பதால் காற்றும் உள்ளே போகும், சாய மை (சாயம் கரைந்திருக்கும் மை) சீக்கிரம் வெளிறும். நிறமி மை (கரையாத நிறத் துகள்கள் உள்ள மை) என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். முதல் வகைத் தாளில் நிறமித் துகள் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, தேய்த்தால் விரலோடு வரும்.

இதற்கு ‘நுண்துளைப் பூச்சு’, அதில் யாருக்கும் சண்டை இல்லை. முதல் வகைக்கு நான் சொல்வது ‘ஊறுபூச்சு’. மாங்காயில் உப்பும் காரமும் ஊறுவதுபோலச் சாயம் உள்ளே ஊறி அங்கேயே தங்குகிறது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, ஆகவே தயவுசெய்து நடுவில் ‘ப்’ போடாதீர்கள். நுண்துளைக்கு மட்டும் ‘ப்’ உண்டு.

‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதற்காக யாரும் தயிர்சாதத்தை வெறுமனே சாப்பிடவில்லையே!

அப்புறம், நம் பட்டியலில் தாள்களைப் ‘பளபளப்பு’, ‘மங்கல்’ என்று மட்டும் பிரித்திருப்பது போதாது. பளபளப்பு இரண்டு பூச்சிலும் வரும். பாக்கெட்டில் தாளின் கனத்தைச் சொல்லும் 180 ஜிஎஸ்எம், அளவைச் சொல்லும் 4×6 அங்குலம் எல்லாம் பெரிதாக இருக்கும், பூச்சு வகை இருக்காது. தாளின் ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் பெரும்பாலும் ஊறுபூச்சு. கிறீச்சென்று சத்தம் வந்தால் நுண்துளை. சொல்லுக்கு நேரே இந்த ஒரு வரியையும் சேர்த்துவிட்டால் தாள் வாங்குகிறவருக்கு உதவும்.

‘ஆர்சி பேப்பர்’ (ரெசின் கோட்டட் பேப்பர்) என்ற போட்டோ தாள் வகையைப் ‘பிசின் பூச்சுத் தாள்’ என்று போட்டிருப்பதும் எனக்கு உறுத்துகிறது. அதில் இருபுறமும் இருப்பது பாலிஎதிலீன். பிசின் என்றால் முருங்கைமரம்தான் கண்ணில் நிற்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.