முல்லைக் கொடி இலை கருகுது: உப்பா, சத்துக் குறையா, சிலந்தியா?

கேள்வி – மண்டபம், வடகடல் ஓரம்
மதில் பந்தல்ல முல்லை. முத்தின இலை நுனியில பழுத்து, விளிம்பு வழியா கருகிக்கிட்டே வருது. தளிர் மஞ்சளா வெளிறுது, நரம்பு மட்டும் பச்சை. சிப்பி கலந்த மணல். தினம் சாயங்காலம் ஒரு குடம் போர் தண்ணி. பெரஸ் சல்பேட் (இரும்புச்சத்து உப்பு) வேர்ல போட்டும் தெளியல.

பதில் – தங்கச்சிமடம்
ரெண்டு கோளாறு சேர்ந்திருக்குங்க. நுனி கருகுறது உப்பு. கொடியோட எந்தப் பக்கம்னு பாருங்க. கடலைப் பார்த்த பக்கம் மட்டும்னா காத்து கொண்டாந்த உப்பு: வடகடல் ஓரத்துல வாடைக் காத்துக்கு, தென்கடல் ஓரத்துல கச்சானுக்கு (தென்மேற்குக் காத்து). சுத்திலும் கருகினா தண்ணியில வந்த உப்பு.

தினம் ஒரு குடம்கிறதுதான் கெடுதல். மேல்மண்ணை மட்டும் நனைச்சு, ஆவியானதும் உப்பு வேர்கிட்டயே தங்கிடும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா மூணு, நாலு குடம் நிதானமா விடுங்க, உப்பு வேருக்குக் கீழ இறங்கணும். போர் தண்ணி இலையில படவே கூடாது. உப்புக்குன்னு ஜிப்சம் போட வேண்டாம், அதுவும் சுண்ணாம்புச் சத்துதான்; சிப்பி மண்ணுல சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம்.

பதில் – ராமநாதபுரம்
தளிர் மஞ்சள் இரும்புச்சத்துக் குறை. அந்தச் சுண்ணாம்பு, வேரில் போட்ட இரும்பைக் கரையவிடாது. இலையில்தான் தெளிக்க வேண்டும். 1 லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் ஆசிட், அது கரைந்த பின் 5 கிராம் பெரஸ் சல்பேட். கரைசல் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும், துருநிறமானால் கொட்டிவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும், மாதம் ஒருமுறை, புதுத்தளிர் பச்சையாக வரும்வரை. மதிலில் பட்டால் கறை போகாது, சாக்கு கட்டி மறைத்துக்கொள்ளுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. தளிரைப் பார்த்தே பலனை முடிவு செய்யுங்கள்.

பதில் – பாம்பன்
இலை மேல பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி இருக்கா? வெள்ளைத் தாள் மேல கிளையைத் தட்டுங்க. ஊருற புள்ளியைத் தேய்ச்சா சிவப்புக் கோடு விழுந்தா அது இலைச்சாறு உறிஞ்சுற சிவப்புச் சிலந்தி. அப்ப மட்டும் நனையும் கந்தகம் (தண்ணியில கலக்குற கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம், இலையோட அடிப்பக்கம் நனையணும். உச்சி வெயில்ல அடிச்சா இலை வெந்துபோகும். வேப்பெண்ணெய் அடிச்சிருந்தா 15 நாள் பொறுங்க.

வாடைக்கு முன்னாடி கடல் பக்கம் பனையோலைத் தட்டி கட்டிருங்க. பலத்த காத்துக்கு மறுநாள் நல்ல தண்ணியால இலையைக் கழுவுங்க. கவாத்து (கொடியை வெட்டி விடுறது) ஜனவரிக் கடைசியில, தரையிலேர்ந்து 45 செ.மீ. விட்டு. தூர்ல மூடாக்குக்குச் சருகு போடுங்க. கரையொதுங்குன பாசியை அலசாம போட்டா உப்பு இன்னும் ஏறும்.