சூப்பர் கப் விமானம்: 26 அங்குல டயரா, 31 அங்குல டயரா?

மண்டபத்துக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். அலாஸ்காவில் வேலை பார்க்கும் நான் ஒரு மாத விடுப்பில் மண்டபம் வந்திருக்கிறேன். அலாஸ்காவில் நண்பர் ஒருவரும் நானும் பங்கு போட்டு, 150 குதிரைத்திறன் கொண்ட பழைய பைப்பர் சூப்பர் கப் என்ற சிறிய விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். இப்போது அதில் 8.50-6 என்ற அளவு டயர்கள் உள்ளன. வரும் கோடையில் கூழாங்கல் நிறைந்த ஆற்றுத் திட்டுகளிலும் கடற்கரை மணலிலும் இறங்க விரும்புகிறோம். நண்பர் 35 அங்குல புஷ்வீல்தான் (கரடுமுரடான தரைக்கான, குறைந்த காற்றில் ஓடும் பெரிய டயர்) வேண்டும் என்கிறார். எனக்கோ 26 அல்லது 31 போதும் என்று தோன்றுகிறது. விமானத்தை நிறுத்துவது தார் ஓடுதளத்தில். எதைக் கணக்கில் வைத்து முடிவு செய்வது?

பாம்பன் டயர் கடை:
தம்பி, விமானம் ஓட்டிய அனுபவம் எனக்கில்லை. மணலில் ஓட்டிய அனுபவம் உண்டு. 2017இல் அரிச்சல்முனைச் சாலை திறக்கப்படுவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டினேன். மணலில் இறங்குமுன் சாவி முனையால் வால்வு ஊசியை அழுத்திக் காற்றை இறக்குவோம். டயரின் அடிப்பக்கம் பிதுங்கித் தடம் நன்றாக அகன்ற பிறகே நிறுத்துவோம். காற்றை இறக்காமல் வந்த வண்டி அச்சு வரை புதைந்துவிடும். ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து மணலும் பெண் கடல் (பாக் நீரிணை) பக்கத்து மண்ணும் ஒன்றல்ல என்பதால், இறங்கி நடந்து, குதிகாலை ஊன்றிப் பார்த்துத்தான் வண்டியை விடுவோம். தண்ணீர் விளிம்பை ஒட்டிய ஈர மணலே கெட்டியானது.

உச்சிப்புளி வாசி:
சிறிய விமானங்களின் சக்கரங்களையும் பிரேக்குகளையும் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். அண்ணன் சொன்ன காற்றுதான் இங்கேயும் அடிப்படை. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தமே. சூப்பர் கப்பின் உச்ச எடை 1,750 பவுண்டு; வால் சக்கரத்தின் பங்கு போக, பிரதான சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 800 பவுண்டைத் தாங்குகிறது என்று வையுங்கள். 25 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு) காற்றில் அது 32 சதுர அங்குலம் பதியும். 8 பிஎஸ்ஐயில் 100 சதுர அங்குலம் பதியும். சாதாரண டயரில் அவ்வளவு இறக்கினால் ரிம் கல்லில் அடிபடும், டியூப் நழுவி வால்வு அறுந்துபோகும். உயரமும் மென்மையான பக்கச்சுவரும் கொண்ட புஷ்வீல்தான் அதைத் தாங்கும்.

ஆனால் பெரிய டயர் பிரேக்கைப் பலவீனமாக்கும் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். 8.50-6 டயரின் விட்டம் ஏறத்தாழ 22 அங்குலம். அதே பிரேக்கோடு 31 அங்குல டயரைப் பூட்டினால், தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 29 விழுக்காடு குறையும். 35 என்றால் 37 விழுக்காடு. திட்டு குட்டையாக இருக்கும்போது இந்தக் குறைவு உயிரோடு விளையாடும். எடையும் காற்றுத்தடையும் கூடி வேகம் குறையும். மூக்கு உயர்வதால் தரையில் ஓடும்போது முன்பார்வை மறையும். மென்ரப்பர் தாரில் விரைவாகத் தேயும். தலையளவு கற்களின் மேல் இறங்கும் தேவை இல்லையென்றால் 35 வேண்டாம். என் தேர்வு 31, ஆனால் வலுவான பிரேக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். சிறிய வால் சக்கரம் மணலில் ஏர்க்கொழுபோல இறங்கும், அதையும் அகலமாக்குங்கள். எல்லாவற்றுக்கும் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் ஒப்புதல் ஆவணம் வேண்டும். உப்பு மணலில் இறங்கிய நாளிலேயே நன்னீரால் கழுவிவிடுங்கள்.

மண்டபத்துக்காரன்:
இருவருக்கும் நன்றி. வால் சக்கரத்தை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. அண்ணன் சொன்ன ஈர மணல் மட்டும் அங்கே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நம் கடலில் ஓதம் இடுப்பளவுகூட ஏறுவதில்லை; அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகர் அருகே குக் இன்லெட் என்ற குடாவில் அது 25 அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. நீர் வற்றியபின் தெரியும் சமவெளி, பனியாறு அரைத்துக் கொண்டுவந்த நுண்வண்டல். நடப்பவரின் காலையே அது பிடித்துக்கொள்ளும். எந்த டயரானாலும் அங்கே இறங்கப் போவதில்லை. பிரேக் கணக்கை இன்றிரவே நண்பருக்கு அனுப்புகிறேன்.