மோடத்துக்குப் பின்னால் தனி ரவுட்டர்: பிரிட்ஜ் மோடு போடலாமா?

தக்கலை பக்கம் பழைய ஓட்டு வீடு. சுவர் கனம் அப்படி, கம்பெனி மோடத்தின் வைஃபை முன்னறையைத் தாண்டாது. தனி ரவுட்டர் வாங்கி, மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து அதன் வான் (வெளி இணைப்பு) போர்ட்டுக்கு வயர் கொடுத்தேன். இரண்டுக்கும் ஐபி முகவரி 192.168.1.1 என்பதால் நெட்டே வரவில்லை. ரவுட்டரை 192.168.2.1 ஆக மாற்றியதும் வந்துவிட்டது.

சரி, முடிந்தது என்று பார்த்தால் இப்போது இரட்டை நாட் (NAT), அதாவது மோடமும் ரவுட்டரும் ஆளுக்கொரு முறை ஐபி முகவரியை மாற்றுகின்றன. ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடுவது) செய்தும், மாட்டுத் தொழுவத்துக் கேமராவை நாகர்கோவில் ஆபீசிலிருந்து பார்க்க முடியவில்லை. பிரிட்ஜ் மோடுக்கு (மோடம் இணைப்பை மட்டும் கடத்தும், மற்றதை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும்) மாற்ற, நெட் லாகினுக்கான பிபிபிஓஇ பாஸ்வேர்டு கம்பெனியிடம் கேட்டால், "ஆள் வருவார்" என்கிறார்கள். மழைதான் வந்தது.

மோடத்தின் வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. இது சிஜிநாட் (ஒரே பொது ஐபியைக் கம்பெனி பலருக்குப் பகிர்ந்து கொடுப்பது) என்றால் பிரிட்ஜ் போட்டும் பயனில்லையே? நிலையான ஐபி வாங்கித்தான் ஆக வேண்டுமா? அப்புறம், பிரிட்ஜ் போட்டால் மோடத்தில் சொருகிய லேண்ட்லைன் வேலை செய்யுமா? அம்மா அதில்தான் பேசுவார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.